கலைச்சொல் உதவி: பார்வையற்றோருக்கு வருவதும் 'மாயக்காட்சி'தானா?

அனைவருக்கும் வணக்கம்.

உளவியல் பாடநூலின் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். எல்.எஸ்.டி. போன்ற சைகடெலிக் (புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றும்) மருந்துகள் பார்வையற்றோரின் புலன்களை என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். ஹாலுசினேஷனுக்கு, அதாவது வெளியே இல்லாததை இருப்பதாகப் புலன் உணர்வதற்கு, இதுவரை 'மாயக்காட்சி' என்றே எழுதிவந்தேன். இந்த இயலில் அது இடிக்கிறது.

1963-இல் வெளிவந்த ஆய்வில், முழுப் பார்வையற்ற 24 பேருக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். 13 பேர் கண்ணுக்குள் ஏதோ தெரிந்ததாகச் சொன்னார்கள். நல்ல விழித்திரை இல்லாமலே இது நடக்கும் என்பது முடிவு. அங்கே 'காட்சி' பொருந்துகிறது. ஆனால் 2018-இல் வந்த கட்டுரையில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்கு உருவம், ஒளி எதுவும் வரவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இசையைக் கேட்டபோது அருவிக்குள் இருப்பதுபோல் உணர்ந்திருக்கிறார். இதைக் காட்சி என்று எழுத மனம் வரவில்லை.

– செ.

செ. அவர்களுக்கு,

காட்சியே போதும். அறிவு எந்த வழிகளில் கிடைக்கிறது என்று ஆராயும் அளவை நூல்களில் 'காட்சி' ஐம்புலனுக்கும் பொது. செவியால் அறிவதும் காட்சி அளவைதான். தொட்டுப் பார், முகர்ந்து பார், கேட்டுப் பார் என்கிறோமே, அங்கே கண்ணுக்கு என்ன வேலை? தொல்காப்பியரும் உயிர்களின் அறிவை அடுக்கும்போது தொடுவுணர்வில் தொடங்கி, நாவும் மூக்கும் சொல்லி, நான்காவதாகத்தான் கண்ணுக்கு வருகிறார். செவி அதற்கும் மேலே! இருக்கும் சொல்லை விரித்துப் பயன்படுத்துவோம்.

– க.

க. ஐயா,

அளவை நூல் படித்தவர்களுக்குச் சரி. முதலாண்டு மாணவர் 'பிறவியிலேயே பார்வையற்றவருக்கு மாயக்காட்சி வந்தது' என்று படித்தால், அவர் உருவம் கண்டார் என்றே எடுத்துக்கொள்வார். கட்டுரை சொல்வதோ அதற்கு நேர்மாறு. 'புலன்மயக்கம்' என்று போடலாமே?

– ந.

மருந்து பற்றிய இயலில் 'மயக்கம்' வேண்டாம் அம்மா. அறுவைக்கு முன் கொடுக்கும் மயக்க மருந்துதான் நினைவுக்கு வரும். பள்ளியிலேயே இல்பொருள் உவமை படித்திருக்கிறோம். அதே வழியில் 'இல்பொருளுணர்வு'. வெளியே பொருள் இல்லை, உணர்வு மட்டும் உண்டு. வகை பிரிக்கவும் எளிது: இல்பொருள் காட்சி, இல்பொருள் ஒலி, இல்பொருள் தொடுகை.

– இ.

இ. சொன்னதில் ஒரு சிக்கல். அருவியை உணர்ந்தவர் கேட்ட இசை உண்மையில் ஒலித்தது. ஒரு புலன் இன்னொன்றைத் தூண்டியிருக்கிறது. அதற்குப் 'புலன்கலப்பு' என்று தனிச்சொல் வேண்டும்.

– ந.

நன்றி. பொதுச்சொல்லாக 'இல்பொருளுணர்வு', அருவி வரும் பத்திக்கு மட்டும் 'புலன்கலப்பு' என்று வைக்கிறேன். சைகடெலிக் அப்படியே இருக்கட்டும். அதைத் தொட்டால் வெள்ளி தாண்டிவிடும்.

– செ.

எனக்கு உடன்பாடில்லை. 'காட்சி'யைக் கண்ணுக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டால், அளவை நூல்களை அடுத்த தலைமுறை எப்படிப் படிக்கும்? அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.

– க.