கட்டிட அனுமதி குறைகிறது, கட்டுமான வேலை கூடுகிறது: வட்டார நிலவரத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி

ஒரு வட்டாரத்தின் அரையாண்டு பொருளாதார அறிக்கைக்காக எண்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வேலையில் இருப்போர் கூடியிருக்கிறார்கள், வேலையின்மை விகிதமும் கூடியிருக்கிறது. கட்டிட அனுமதி பெற்ற வீடுகள் போன ஆண்டின் இதே ஆறு மாதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கட்டுமானத்தில் ஆட்கள் அதிகம். வீட்டு விற்பனை படுத்துவிட்டது, இடைநிலை விலை (விற்ற விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) மட்டும் ஏறியிருக்கிறது. கணக்கில் பிழையா, இல்லை இவையெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவையா?

பதில் 1

நடக்கக்கூடியவைதான். வேலைக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

வேலையின்மை விகிதத்தை மொத்த மக்கள்தொகையால் வகுப்பதில்லை. வேலையில் இருப்போரையும் வேலை தேடுவோரையும் கூட்டிய தொகையால் வகுக்கிறார்கள். 95,000 பேர் வேலையில், 5,000 பேர் தேடலில் என்றால் 5%. அடுத்த காலாண்டில் 96,000 பேர் வேலையில், 6,000 பேர் தேடலில் என்றால் 5.9%. வேலை ஆயிரம் கூடியும் விகிதம் ஏறிவிட்டது, ஏனென்றால் புதிதாக 2,000 பேர் வேலைச் சந்தைக்குள் வந்திருக்கிறார்கள். நல்ல கூலி கிடைக்கிறதே என்று வந்தார்களா, ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடவில்லை என்று வந்தார்களா என்பதை இந்த விகிதம் சொல்லாது. அதற்கு வார வேலை நேரத்தையும் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலையில் இருப்பவர்தான். முழு நாள் வேலை அரை நாளாகச் சுருங்கினால் விகிதம் அசையாமலே நிற்கும்.

எண் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். வீடு வீடாகக் கேட்டு எடுப்பது ஆளை, அவர் குடியிருக்கும் இடத்தில் எண்ணும். நிறுவனங்களிடம் வாங்குவது வேலையை, அது நடக்கும் இடத்தில் எண்ணும். இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் நிறுவனக் கணக்கில் இரண்டு தடவை வருவார், சொந்தத் தொழில் செய்பவர் வரவே மாட்டார். பக்கத்து வட்டாரத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள் அதிகமென்றால் இரண்டு எண்ணும் எதிரெதிர்த் திசையில் போகலாம்.

மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரைக் கேட்டு எடுத்த எண் என்பதை, கேட்காமல் எதையும் எழுதாதீர்கள். வேலையில் இருப்போரும் தேடுவோருமாக 1,000 பேரை மட்டும் கேட்டு 5% என்று வந்தால், எளிய மாதிரிக் கணக்கிலேயே பிழை எல்லை சுமார் 1.35 சதவீதப் புள்ளி. அதாவது உண்மை 3.7 ஆகவும் இருக்கலாம், 6.3 ஆகவும் இருக்கலாம். சிறிய வட்டாரத்துக்குப் பன்னிரண்டு மாதச் சராசரிதான் பாதுகாப்பு.

பதில் 2

கட்டுமானப் புதிருக்கு விடை காலதாமதம். அனுமதி, தொடக்கம், நடப்பில் உள்ளவை, முடிந்தவை என்று நான்கு எண்கள் உண்டு. இன்று தளத்தில் நிற்கும் ஆட்கள் முந்தைய அனுமதிகளின் பலன். புது அனுமதி நின்றாலும், தொடங்கிய கட்டிடங்கள் முடியும்வரை ஆள் தேவை. சொல்லப்போனால் கட்டிடத்தின் கடைசிக் கட்டத்தில்தான் பிளம்பர், எலக்ட்ரீசியன், பூச்சுக்காரர், டைல்ஸ் போடுபவர், பெயிண்டர் எல்லாரும் ஒரே தளத்தில் குவிவார்கள். அதனால் சரிவுக்குச் சற்று முன்பு ஆள் எண்ணிக்கை கூடுவதும் உண்டு.

தொழில்வாரியாகப் பிரிக்க முடிந்தால் பிரித்துவிடுங்கள். மண் தோண்டுவது, அஸ்திவாரம், கம்பி கட்டுவது, சென்ட்ரிங் ஆகியவற்றில் ஆள் குறைந்து, முடிப்பு வேலைகளில் கூடியிருந்தால் குழாயின் வாயில் தண்ணீர் நின்றுவிட்டது, அதாவது புதுக் கட்டிடங்கள் தொடங்குவது குறைந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு மிச்சம் என்பதற்கு, நடப்பில் உள்ள வீடுகளை மாதம் முடியும் வீடுகளால் வகுத்துப் பாருங்கள். 1,800 நடப்பில், மாதம் 150 முடிகிறது என்றால் சுமார் பன்னிரண்டு மாத வேலை கையிலிருக்கிறது.

கைக்கு அடக்கமான இன்னொரு அளவுகோல், ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட். சிமெண்ட் மூட்டையை எங்கிருந்தும் எங்கும் அனுப்பலாம். ரெடிமிக்ஸை, இறுக்கத்தைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்க்காவிட்டால், தண்ணீர் கலந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். ஆகவே அந்த ஆலைகளின் கன மீட்டர் கணக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தின் வேலையைத்தான் காட்டும், அதுவும் அஸ்திவாரக் கட்டத்திலிருந்தே. சாலை, பாலம் போன்ற அரசு வேலைக்குப் போனதை மட்டும் கழித்துவிட வேண்டும்.

அனுமதியைப் பண மதிப்பில் வைத்து ஒப்பிடாதீர்கள். கம்பி, கூலி விலை ஏறினாலே மதிப்பு ஏறும். வீடுகளின் எண்ணிக்கை, தளப் பரப்பு இரண்டும் போதும்.

பதில் 3

விலைக்கு வருகிறேன். ஒரு காலாண்டில் ஐந்து வீடுகள் 30, 40, 50, 60, 90 லட்சத்துக்கு விற்றன என்று வையுங்கள். இடைநிலை விலை 50. வட்டி ஏறியதும் கடன் வாங்கி வாங்குபவர்கள் ஒதுங்கிவிட, 30, 40 விற்கவில்லை. மிச்சம் 50, 60, 90. இடைநிலை 60. எந்த வீட்டின் விலையும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, அறிக்கையிலோ 20% உயர்வு! விற்பனை படுத்து விலை ஏறும்போது முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே வீடு மறுபடி விற்கும்போது கிடைத்த விலையை மட்டும் ஒப்பிடும் மறுவிற்பனைக் குறியீடு இந்தக் கோளாறைத் தவிர்க்கும். பெய்லி, முத், நோர்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1963-ல் வெளியிட்ட முறை அது. பிறகு கேஸ், ஷில்லர் என்ற பொருளாதார அறிஞர்கள் அதை வளர்த்தார்கள். குறை: புது வீடுகள் அதில் வராது, இடையில் மாடி எடுத்துக் கட்டியிருந்தால் அதையும் விலை உயர்வாகக் காட்டிவிடும்.

குறியீடு கிடைக்காத வட்டாரத்தில் கையிருப்பு மாதங்களைப் பாருங்கள். 1,200 வீடுகள் விற்பனைக்கு, மாதம் 200 விற்கிறது என்றால் 6 மாதம். விற்பனை 120 ஆகச் சரிந்தால் 10 மாதம். விலை கடைசியில்தான் இறங்கும், விற்பவர் மனசு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதற்கு முன்பே பில்டர்கள் பதிவுச் செலவை ஏற்பது, கார் நிறுத்துமிடத்தை இலவசமாகத் தருவது என்று ஆரம்பிப்பார்கள். பத்திர விலையில் அது தெரியாது.

கேள்வி கேட்டவர்

அனுமதியை மாதவாரியாகப் பிரித்தேன். தனி வீடுகள் கிட்டத்தட்ட அப்படியே. குறைவு முழுக்க அடுக்குமாடியில். போன ஆண்டு ஒரே ஒரு மாதத்தில் பெரிய ஏற்றம் இருக்கிறது.

பதில் 4

அப்படியானால் "ஐந்தில் ஒரு பங்கு குறைவு" என்று எழுதும்முன் நிறுத்துங்கள். 300 வீடு கொண்ட ஒரே திட்டம் அந்த மாதத்தில் விழுந்திருக்கலாம். அல்லது கட்டணமோ விதியோ மாறப்போகிறது என்று தெரிந்து பில்டர்கள் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கலாம். அந்தத் தேதியைத் தேடுங்கள். ஏற்றம் அதற்குச் சற்று முன்பு இருந்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து 12 மாதத் தொகையை ஒப்பிடுங்கள்.

அடுத்து, அந்த மாதம் அனுமதி வாங்கியவற்றில் எத்தனை தொடங்கின? வாங்கிவைத்துத் தொடங்காதவை அதிகமென்றால் பதில் 2-ல் சொன்ன பன்னிரண்டு மாதக் கணக்கில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. அனுமதியின் காலாவதித் தேதியையும் பட்டியலில் ஒரு பத்தியாகப் போட்டுவிடுங்கள், அடுத்த அறிக்கைக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.