அந்தப் படத்தை இறக்க யாரிடம் போவது? நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி ஒரு சண்டை

கொக்குவில் வாத்தி:
போன கிழமை என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி ஒரு சமூக ஊடகக் குழுவில் போட்டுவிட்டார்கள். தகப்பன் பொலிசுக்குப் போனார். கொழும்பில் இருக்கிற பிரிவுக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார்களாம். அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு முறையிட்டோம். விதி எதுவும் மீறப்படவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. பிள்ளை வகுப்புக்கு வருவதில்லை. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த இலங்கையில் வந்த 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கிழித்தெறியச் சொல்கிறவர்களே, பிறகு நாங்கள் யாரிடம் போவது?

வடமராட்சியான்:
சேர், கேட்கவே மனம் பாரமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் இந்தப் பிள்ளைக்காகவா எழுதப்பட்டது? 12ஆம் பிரிவைப் பாருங்கள். தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான 'பொய்க்கூற்று' என்றால் 5 வருடம் வரை மறியல். எது பொய் என்று சொல்லப்போவது ஜனாதிபதி நியமிக்கும் 5 பேர் கொண்ட ஆணைக்குழு. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பது உண்மைதான். அதை நம்பி எங்கள் ஊரில் யார் நிம்மதியாகப் படுப்பார்கள்?

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அதே சட்டத்தில் 2020இல் மன்னாரைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கவிதை எழுதியதற்காகப் பிடித்தார்கள். வழக்கிலிருந்து அவர் விடுதலையானது 2023 டிசம்பரில்.

நிலாவரைத் தவளை:
இவர்களுக்குத் தெரிந்த ஒழுங்குபடுத்தல் ஒன்றே ஒன்று, ஷட்டரை இழுத்து மூடுவது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகன கலவரத்தின்போது சமூக ஊடகங்களை மூடினார்கள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மூடினார்கள், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டத்துக்குப் பயந்து மூடினார்கள். அன்றைக்கு ஓர் அமைச்சரே தான் தடையைச் சுற்றிப்போகும் விபிஎன் வழியாக வந்திருப்பதாக ட்வீட் போட்டு, இந்தத் தடையால் பயனில்லை என்றார். அரசாங்கத்துக்குள்ளேயே ஷட்டர் வேலை செய்யவில்லை!

கொக்குவில் வாத்தி:
தம்பி, திகனவைச் சொன்னீர்கள், சரி. மூடுவதற்கு முன் என்ன நடந்தது? முஸ்லிம்களுக்கு எதிராகச் சிங்களத்தில் வந்த பதிவுகளைச் சனம் முறையிட்டுக்கொண்டே இருந்தது, கவனிப்பார் இல்லை. கடைகள் எரிந்த பிறகு, 2020இல்தான் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. எல்லாரும் அரசாங்கத்தையே அடிக்கிறீர்கள். கொம்பனிகளை ஒருவரும் தொடுகிறீர்கள் இல்லை.

கார்த்திகைமாதத்தாள்:
நான் தொடுகிறேன், வாத்தியார். இறந்துபோன அண்ணையின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அதைப் பதிவாகப் போட்டேன். கணக்கையே மூடிவிட்டார்கள். ஒன்பது வருடப் படங்கள், அம்மா கதைத்த வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அரசாங்கம் என் வாயைப் பொத்தினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவாவது போடலாம். அரச நிர்வாகம் செய்ததற்குத்தான் அந்த மனு. கொம்பனி பொத்தினால் எந்தப் படலையைத் தட்டுவது? ஆனால் ஒன்று, உங்கள் சட்டம் கேட்பதும் இன்னும் வேகமாக இறக்கு என்பதைத்தான். 24 மணித்தியாலக் கெடு வைத்து வெருட்டினால் அவர்கள் யோசிப்பார்களா? சந்தேகம் வந்த எல்லாவற்றையும் அழிப்பார்கள். முதலில் போவது எங்கள் விளக்குகள்தான்.

சட்டம் படிக்கிறவன்:
அக்கா சொன்னதற்கு ஐரோப்பாவில் ஒரு வழி எடுத்திருக்கிறார்கள். டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி பதிவை இறக்கினால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். மேன்முறையீட்டுக்கு வழி இருக்கவேண்டும், அதைக் கணினி மட்டும் தீர்த்துவைக்கவும் கூடாது. மீறினால் உலக வருமானத்தில் 6 வீதம் வரை தண்டம். எது உண்மை எது பொய் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அங்கே எந்த ஆணைக்குழுவுக்கும் கொடுக்கப்படவில்லை. கொம்பனி எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதற்குத்தான் விதி.

நிலாவரைத் தவளை:
மிகப் பெரிய தளம் என்று அவர்கள் கணக்கெடுப்பதே 45 மில்லியன் பேர் பாவித்தால்தான். எங்கள் தீவில் மொத்தச் சனம் 22 மில்லியன். நாங்கள் 6 வீதம் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சட்டம் படிக்கிறவன்:
சிரிக்கட்டும். தமிழும் சிங்களமும் தெரிந்த ஆட்களை வை, காரணத்தை அந்த மொழியில் சொல், இங்கே ஒரு பொறுப்பான ஆளை நியமி என்று கேட்பதற்கு 45 மில்லியன் தேவையில்லை.

வாத்தியாருக்கும் ஒன்று. பாதிக்கப்பட்டவர் ஆணைக்குழுவைப் பார்த்துக்கொண்டிராமல் நேரே நீதவானிடம் போகலாம் என்ற ஏற்பாடு அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

வடமராட்சியான்:
அதை வைத்திருங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. அந்தரங்கப் படங்களுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டம் எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. 12ஆம் பிரிவை அதோடு சேர்த்துக் கட்டி விற்காதீர்கள். 'நீதிமன்றம் பிறகு திருத்தும்' என்றும் சொல்லவேண்டாம். இந்தியாவில் இணையப் பதிவுகளுக்காக ஆட்களைப் பிடிக்கப் பாவித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகும் பொலிஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சட்டமூலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வாசகங்களைத் திருத்தச் சொன்னது உயர் நீதிமன்றம். எல்லாம் ஒழுங்காகச் சேர்க்கப்படவில்லை என்று சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, அதுவும் தோற்றது.

கொக்குவில் வாத்தி:
தனிச் சட்டம் வர எத்தனை வருடம் செல்லும் தம்பி? பிள்ளைக்குச் சோதனை வருகிற மாதம். 12ஆம் பிரிவை வெட்டுவதென்றால் வெட்டுங்கள், எனக்கு அதில் ஒட்டில்லை. முழுதாகத் தூக்குவதைத்தான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நீதவானிடம் போகலாம் என்று தகப்பனுக்குச் சொல்லிப் பார்த்தேன். கோட்டுப் படி ஏறினால் பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று மறுக்கிறார்.

சட்டம் படிக்கிறவன்:
சேர், பெயர் வெளியே வராமல் செய்ய வழி இருக்கிறதா என்று எங்கள் விரிவுரையாளரிடம் நாளைக்கே கேட்கிறேன். தகப்பனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவேண்டாம். படம் வந்த குழுவின் இணைப்பையும், திகதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டையும் மட்டும் அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

கார்த்திகைமாதத்தாள்:
பிள்ளையோடு கதைக்க யாராவது வேண்டுமென்றால் நான் வருகிறேன், வாத்தியார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில்தான் இருக்கிறேன்.