பலி, இளைஞர், மசாஜ் சென்டர்: நான் எழுதிய ஒரு ஸ்க்ரோல் வரி

இரவுமேசை:
பதினோரு வருஷமாக நியூஸ் டெஸ்க்கில் இருக்கிறேன். செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் காப்பியைத் தமிழாக்குவது என் வேலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி எழுதக்கூடாது என்பதற்கு அடுத்தவர் வரியை ஏன் தேட வேண்டும் என்று என் பழைய ஸ்க்ரோல்களையே (டிவி திரையின் அடியில் ஓடும் செய்தி வரிகள்) துழாவினேன். 2021 மார்ச்சில் எழுதியது ஒன்று சிக்கியது:

"அமெரிக்கா: மசாஜ் சென்டர்களில் துப்பாக்கிச் சூடு, 8 பேர் பலி. பாலியல் மோகமே காரணம் என கைதான இளைஞர் வாக்குமூலம்."

ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டாவும் சுற்றுப்புறமும், மார்ச் 16. மூன்று ஸ்பாக்கள். இறந்த எட்டுப் பேரில் ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். என் வரியில் அவர்கள் எங்கே?

சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். 'பலி': பஸ் கவிழ்ந்தாலும் பலி, வெள்ளம் வந்தாலும் பலி. சுட்டவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதே அதில் கிடையாது. இரண்டே எழுத்து, இடம் மிச்சம், அதனால் டெஸ்க்கில் அதற்குத் தனிச் செல்லம். 'மசாஜ் சென்டர்': காப்பியில் ஸ்பா என்றுதான் இருந்தது. நான் போட்ட சொல்லைக் கேட்டதும் தமிழில் படிக்கிறவருக்கு ரெய்டும், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களும்தான் ஞாபகம் வரும். தெரிந்தேதான் போட்டேன். 'மோகம்' காதல் பாட்டுக்கு உரிய சொல். 'இளைஞர்': 21 வயது, 'அர்' விகுதியோடு மரியாதை.

அடுத்ததைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஆறு நாள் கழித்து கொலராடோ மாநிலம் போல்டர் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே சுட்டவனுக்கும் வயது 21தான். அவனுக்கு நான் எழுதியது "சிரியாவில் பிறந்த கொலையாளி". முதல் ஆளுக்கு மட்டும் பிறந்த ஊரும் இல்லை, இனமும் இல்லை.

அட்லாண்டா விஷயத்தில் அன்று டெஸ்க்கில் ஒரே சண்டை. இனவெறியா, பெண்வெறுப்பா? இனம் காரணமில்லை, பாலியல் பழக்கத்துக்கு அடிமையானதுதான் காரணம் என்று அவனே சொல்வதாகப் போலீஸ் பேட்டி. ஷெரிஃப் அலுவலகத்துக்காகப் பேசியவர் "அவருக்கு அது ரொம்ப மோசமான நாள்" என்கிற மாதிரி வேறு சொன்னார். கடைசியில் கொன்றவன் சொன்ன காரணத்தையே தூக்கித் தலைப்பில் வைத்தோம். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதை ஒரு ஸ்க்ரோல் வரியில் எழுத வழி உண்டா? பிள்ளைகளுக்கு என்ன சொல்ல?

முன்னாள்சப்எடிட்டர்:
அம்மா, பன்னிரண்டு சொல்லுக்குள் சமூகவியல் எழுத முடியாது. முதல் ஒரு மணி நேரம் நமக்குக் கிடைப்பது போலீஸ் வாய் ஒன்றுதான். அதனால் காரணமே எழுதாதே. எத்தனை பேர், யார், எங்கே. தீர்ந்தது. காரணம் பின்னால் வரும், எங்கேயும் ஓடிப்போகாது.

குறுக்குவிசாரணை:
ஐயா சொன்னபடி காரணம் பின்னால் வந்தது, ஆனால் இரண்டாக வந்தது. சம்பவம் இரண்டு கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) நடந்ததால் வழக்கும் இரண்டு. செரோகி கவுன்டியில் 2021 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், பரோல் இல்லாத நான்கு ஆயுள் தண்டனைகள். இனவெறிக்கு ஆதாரமில்லை, விசாரணை நடந்திருந்தால் பாலின வெறுப்பை வாதிட்டிருப்போம் என்றது அரசுத் தரப்பு. ஃபுல்டன் கவுன்டி அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸோ இனம், பாலினம் இரண்டையும் சேர்த்து வெறுப்புக் குற்றமாகக் கொண்டுபோனார். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே துப்பாக்கி!

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு, தீர்ப்பு 1976இல். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே. கோர்ட் என்ன சொன்னது? பெண்களை எடுத்திருக்கிறார்களே (வெள்ளைக்காரப் பெண்கள்), அதனால் பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் கறுப்பினத்தவர் போட்ட இன்னொரு வழக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து புது வகை கேட்காதீர்கள். இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா, இனமும் பாலினமும் குறுக்கிடும் இடத்தைப் பற்றி 1989இல் அந்தப் பிரபலமான கட்டுரையை எழுதினார். உங்கள் டெஸ்க்கில் நடந்த சண்டையும் அந்தக் கோர்ட் போட்ட கணக்குதான்.

சும்மாசொன்னேன்:
எதெடுத்தாலும் இனம், பாலினம். மூளை கலங்கினவன் சுட்டான், அவ்வளவுதானே?

இரவுமேசை:
தம்பி, போல்டர் ஆளுக்குத்தான் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று மருத்துவர்கள் சொன்னார்கள். விசாரணைக்குத் தகுதியான நிலையில் இல்லை என்று அந்த வழக்கு 2023 வரை நின்றது. மூளை கலங்கினவன் என்று அவனைப் பற்றி யாராவது எழுதினோமா? நான் எழுதவில்லை. அந்தச் சலுகையை அட்லாண்டா ஆளுக்குத்தான் கேட்காமலே கொடுத்தேன்.

மீனலோசனி:
அக்கா, அந்த 'மசாஜ் சென்டர்' பற்றி ஒன்று. 1875இல் அமெரிக்காவில் பேஜ் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். பாலியல் தொழிலுக்குப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுக்கிறோம் என்பது பேர். நடைமுறையில் கப்பலேற வரும் சீனப் பெண் ஒவ்வொருத்தியும் 'நான் அப்படிப்பட்டவள் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. சீனத் தொழிலாளர்கள் குடியேறவே கூடாது என்ற சட்டம் வந்தது 1882இல். பெண்களுக்கு ஏழு வருஷம் முன்னாடியே கதவைச் சாத்திவிட்டார்கள். ஆசியப் பெண் என்றாலே 'அந்த மாதிரி' என்ற நினைப்புக்கு அவ்வளவு வயது. அவள் இனத்தையும் அவள் பெண் என்பதையும் எந்தக் கத்தியால் பிரிப்பீர்கள்? நீங்கள் ஸ்பாவை மாற்றி எழுதிய இடத்தில் அந்தச் சட்டத்தைத்தான் தமிழில் பெயர்த்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரவுமேசை:
கோபமில்லை மீனா. சுருக்கென்றது, அவ்வளவுதான்.

நேற்று வகுப்பு முடிந்தது. யார் எழுதியது என்று சொல்லாமல் அந்த வரியைத் திரையில் போட்டு, எல்லோரையும் திருத்தி எழுதச் சொன்னேன். பின்பெஞ்சில் ஒரு பெண் எழுதியது:

"அட்லாண்டா: 3 ஸ்பாக்களில் 8 பேர் சுட்டுக்கொலை. 6 பேர் ஆசியப் பெண்கள். 21 வயது வெள்ளையினத்தவன் கைது."

காரணம் இல்லை, ஐயா சொன்னது சரிதான். ஆனால் யார் என்பது வந்துவிட்டது. மற்றதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் இருந்த பையன், "வெள்ளையினத்தவன்னு போட்டா நியூஸ் எடிட்டர் எடுத்துடுவாரு மேடம்" என்றான். எடுப்பார்தான், எனக்கே தெரியும். அந்தப் பெண் பேனாவை மூடாமலே கேட்டாள்: "அப்ப போல்டர் வரியில சிரியாவையும் எடுத்துடுவாராடா?"