மனந்திரும்புதலைத் தள்ளிப்போடலாமா? கள்ளனும் பேலிக்ஸும்

வழிப்போக்கன்:
அண்மையில் ஓர் அடக்க ஆராதனையில் போதகர் சவப்பெட்டியைக் காட்டி, "அடுத்தது நீங்களாக இருக்கலாம், இன்றே மனந்திரும்புங்கள்" என்றார். முன்வரிசையில் இருந்த மகள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தேவனுடைய அழைப்பை இப்படி அச்சுறுத்தலாக்குவதை நான் ஏற்கவில்லை. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குச் சாகும் வேளையிலும் பரதீசு கிடைத்தது. இயேசு சொன்ன உவமையில், வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கையில் (பதினோராம் மணி வேளையில்) திராட்சத்தோட்டத்துக்கு வந்தவர்களும் அதே கூலியைத்தான் பெற்றார்கள். பிறகு ஏன் "காலம் கடந்துவிடும்" என்கிறோம்?

பெரேயா வாசகன்:
ஐயா, துக்கத்தில் இருப்பவர்களிடம் அப்படிப் பேசியது தவறுதான். ஆனால் அந்த வேலையாட்கள் அழைப்பைத் தட்டிக்கழித்தவர்கள் அல்லர். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றே சொன்னார்கள். கள்ளனும் முன்பே அழைப்பைக் கேட்டு மறுத்தவன் என்று வேதம் சொல்லவில்லை. கேட்டும் தள்ளிப்போட்டவன் செசரியாவில் இருந்த தேசாதிபதி பேலிக்ஸ். அவனிடம் காவலில் இருந்த அப்போஸ்தலன் பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பேசியபோது அவன் பயமடைந்து, "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான் (அப்போஸ்தலர் 24). சமயம் கிடைக்காமல் போகவில்லை. பலமுறை அழைத்துப் பேசினான், ஆனால் பவுல் பணம் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில். 2 ஆண்டுகள் கழிந்து அவனுடைய இடத்தில் பொர்க்கியு பெஸ்து பதவியேற்றபோதும் பவுல் காவலில்தான் இருந்தார். முதலில் பயந்தவன் மறுபடி பயந்ததாக எழுதப்படவில்லை. உயிர் இருக்கும்போதே காலம் கடந்துவிடுகிறது என்பதே என் அச்சம்.

வழிப்போக்கன்:
ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல், மரணத்துக்குச் சற்றுமுன்தான் ஞானஸ்நானம் பெற்றார். திருச்சபை அதைச் செல்லாது என்று சொல்லவில்லையே?

பெரேயா வாசகன்:
சொல்லவில்லை. கடைசி மூச்சில் கேட்பவரையும் தேவன் ஏற்பார் என்பதில் நமக்குள் பேதமில்லை. ஆனால் இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய வரி வசூலிப்பவனான சகேயுவைப் பாருங்கள்: ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தரவும் அவனுக்கு நாட்கள் இருந்தன. தம்பியின் நிலத்தை அமுக்கிக்கொண்டவர் படுத்த படுக்கையில் மன்னிப்பைப் பெறலாம். பத்திரத்தை மாற்றிக்கொடுக்க எழுந்து போக முடியாது. தாமதத்தின் கடனைச் சுமப்பது தம்பி.

வழிப்போக்கன்:
சகேயுவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய பேலிக்ஸே என் பக்கம் பேசுகிறான்: அவனைப் பயம் பிடித்தது, ஆனால் மனந்திருப்பவில்லை. வரி வசூலிக்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியிடம் இயேசு சொன்னதாக லூக்கா எழுதியது "என்னைப் பின்பற்றி வா" என்பது மட்டுமே. அவன் எல்லாவற்றையும் விட்டு அப்போதே எழுந்து போனான்.