கழிச்சல் இல்லாமலே சாகும் ஆடுகள்: குடற்புழு அனுபவங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஆடு மெலிந்து, மேய்ச்சலில் பின்தங்கி, திடீரென்று சாகிறதென்றால் முதல் சந்தேகம் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் உருண்டைப்புழு மேல்தான். நான்காம் இரைப்பையில் இருந்துகொண்டு ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு என்றால் நாளுக்கு 50 மி.லி. இரத்தம் போய்விடும். கழிச்சல் பெரும்பாலும் இருக்காது, புழுக்கை உருண்டையாகவே விழும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீழ் இமையை இழுத்து, வெளிச்சத்தில் உட்பக்கம் பாருங்கள். நல்ல சிவப்பென்றால் குடற்புழு மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் அன்றைக்கே ஊற்ற வேண்டும். தாடைக்கடியில் நீர் கோத்து மாலையில் தொங்கும், காலையில் வடிந்திருக்கும். அதுவும் இதே புழுவின் அடையாளம்.

*

இமை சரி, மருந்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். செம்மறிக்கு எழுதிய அளவை வெள்ளாட்டுக்கு ஊற்றுவதுதான் நடக்கிற பெரிய கோளாறு. வெள்ளாட்டின் ஈரல் மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து செம்மறிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7.5 மி.கி. என்றால், வெள்ளாட்டுக்கு 10 மி.கி. வேண்டும். குறைத்து ஊற்றினால் தாக்குப்பிடித்த புழுக்கள்தான் அடுத்த தலைமுறைக்கு முட்டையிடும்.

தராசு இல்லையா? நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = கிலோ. 26-ம் 24-ம் வந்தால் ஏறக்குறைய 25 கிலோ. அந்த எடை வெள்ளாட்டுக்கு 2.5 சத மருந்தில் (மி.லி.க்கு 25 மி.கி.) 10 மி.லி. ஊற்ற வேண்டும். புட்டியில் சதவீதத்தைப் பார்க்காமல் மூடியால் அளக்காதீர்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது, ஃபென்பெண்டசோல் கேளுங்கள்.

ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். தலை நேராக இருக்கட்டும், கடைவாய் வழியாக நாக்கின் பின்பகுதியில் மெதுவாக விடுங்கள்.

*

ஏரி உள்வாயில், அறுத்த நெல் வயலில் மேய்ந்த ஆடு நாற்றத்தோடு தண்ணீராகக் கழிந்தால் அது வேறு கதை. நத்தை மூலம் வரும் தட்டைப்புழு. இரைப்பைத் தட்டைப்புழுவுக்கு அல்பெண்டசோல் வேலை செய்யாது, ஆக்ஸிகுளோசனைடு வேண்டும். மூன்று வாரம் தாண்டிய குட்டி இரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் நோய், காக்சிடியா என்ற நுண்ணுயிரால் வருவது. அது புழுவே இல்லை, குடற்புழு மருந்து எதுவும் கேட்காது. சல்ஃபா மருந்தோ ஆம்புரோலியமோ மருத்துவர் தருவார்.

*

ஒரே மருந்தை வருடக்கணக்கில் ஊற்றுகிற பட்டியில் ஊற்றும் அன்றும், பிறகு 10 முதல் 14 நாளிலும் அதே ஆடுகளின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து புழு முட்டை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதமாவது குறையவில்லை என்றால், அளவு சரியாக இருந்திருந்தால், அந்த மருந்து அங்கே தோற்றுவிட்டது. இமை வெள்ளையாகப் போன ஆட்டை மருந்து கொடுத்த கையோடு மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள், மூச்சு வாங்கி விழுந்துவிடும். நிழலில் கட்டி அகத்திக்கீரை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.