தடுப்புச்சுவர் மனுவுக்கு ஒரு சொல்

கோத்தகிரி, படிக்கட்டுத் தெரு குழு

கீழ்வீட்டு அக்கா (மாலை 6.40): மனுவை எழுதிவிட்டேன். "மழையில் சாய்ந்த தடுப்புச்சுவரைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." சரிதானா ஐயா?

தமிழய்யா (6.52): சீரமைத்து என்று எழுத வேண்டாம் அம்மா. போன ஆண்டும் அதையேதான் எழுதினோம். வந்தவர்கள் விரிசலில் சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் அந்த வேலையும் அடங்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

மேல்வீட்டுத் தம்பி (6.55): சீரமை, செப்பனிடு, புதுப்பி, புனரமை எல்லாம் ஒன்றுதானே ஐயா? செய்தித்தாளில் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே.

தமிழய்யா (7.10): ஒன்றில்லை தம்பி. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் பாதையில் மண் சரிந்தால் சீரமைப்புப் பணி என்கிறார்கள். அங்கே அது பொருத்தம். 1899 முதல் ரயில் ஓடும் பாதை அங்கேயே இருக்கிறது. மண்ணை அள்ளி, விலகிய தண்டவாளத்தைச் சரிசெய்தால் போதும். செப்பனிடுவது இன்னும் சிறிய வேலை, குழி விழுந்த சாலைக்கு அது போதும். புதுப்பிப்பது வேறு. ஊட்டி அருகே தோடர் பழங்குடியினர் குடியிருக்கும் முத்தநாடு மந்தில் அவர்கள் கோயிலைப் பார்த்திருப்பாயே, பழைய புல்லைக் களைந்துவிட்டுப் புதுப் புல் வேய்வார்கள். கோயில் அதே கோயில், கூரை மட்டும் புதிது.

கீழ்வீட்டு அக்கா (7.12): அப்படியானால் புனரமைத்து என்று போடட்டுமா?

தமிழய்யா (7.15): பொருள் சரிதான். புனர் என்றால் மறுபடியும். ஆனால் எதுவரை இடித்து எப்படி எழுப்புவது என்பது அதில் இல்லை. மேஸ்திரியைக் கேட்போம்.

மேஸ்திரி அண்ணன் (7.31): இன்று போய்ப் பார்த்தேன் ஐயா. சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. தண்ணீர் வடியும் துளைகளில் எல்லாம் மண் அடைத்திருக்கிறது. ஒரு துளையில் குச்சியை விட்டேன், அரை சாண்கூடப் போகவில்லை. பின்னால் செம்மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தள்ளுகிறது. மேலே பூசிப் பயனில்லை. கல் மட்டும் நல்ல கல். அடிவரை பிரித்து, பின்னால் சல்லி கொட்டி, துளை விட்டு, அதே கல்லை அடுக்கி எழுப்பலாம். நாங்கள் இதைப் பிரித்துக் கட்டுவது என்போம்.

தமிழய்யா (7.34): இதுதான் சொல்! பிரிக்காமல் யாரும் பிரித்துக் கட்டிவிட்டேன் என்று கணக்குக் காட்ட முடியாது. இத்தனை ஆண்டு தமிழ் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை. நன்றி தம்பி.

எதிர்வீட்டுப் பாட்டி (7.40): அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு இறங்குகிறார்கள். 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது. நாளைக்கே கொடுத்துவிடுங்கள்.

கீழ்வீட்டு அக்கா (7.58): திருத்திவிட்டேன். "வயிறு தள்ளிச் சாய்ந்து நிற்கும் தடுப்புச்சுவரை அடிவரை பிரித்து, நீர் வடியும் துளைகளுடன் மீண்டும் கட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." காலை 8 மணிக்குள் கையெழுத்துப் போட வாருங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்து வழியில் அனுப்புங்கள்.