ஸ்லொட் காருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கோண்டாவில், விஞ்ஞான ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகத் தரம் 10 பிள்ளைகள் ஒரு பந்தயக் காரைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கிற்றாக அனுப்பியது. 1957இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் டி-ரைப், 32இல் ஒரு பங்கு அளவு. முழுக் காரும் 12 சென்ரிமீற்றர்தான். தடத்தில் ஒரு கீற்றுப் பள்ளம், அதன் இரு கரையிலும் உலோகப் பட்டி, பட்டியில் 12 வோல்ற் நேரோட்டம். காரின் மூக்குக்குக் கீழே தொங்கும் சின்னத் தகடு அந்தக் கீற்றுக்குள் இறங்கி வழிகாட்டும். தகட்டின் இரு பக்கமும் செப்பு இழைப் பின்னல் உண்டு. அது பட்டியில் உரசி மோட்டருக்கு மின்னைக் கொடுக்கும். கையில் பிடிக்கும் விசையை அமர்த்த வேகம் கூடும். ஸ்ரியரிங் கிடையாது.

விளக்கத் தாள் தமிழில் வேண்டும். இப்படிக் கீற்றில் ஓடுவது ஸ்லொட் கார், அந்தத் தகடு கைட், பட்டியில் உரசுவது பிரெயிட். இந்த மூன்றுக்கும் சொல் தாருங்கள். அச்சகக்காரர் வெள்ளி பின்னேரம் வரைதான் பொறுப்பார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, இதற்கேன் தலையை உடைக்கிறீர்? கதவு நிலையில் தச்சர் வெட்டும் பள்ளம் காடி. காடியூர்தி என்று போடும். 'கார்' என்பதை மட்டும் விட்டுவிடும். தமிழில் கார் என்றால் மேகம், கருமை, மழைக்காலம், ஒருவகை நெல். ஓடுகிற சாமான் அதில் எங்கேயும் இல்லை.

கோலாலம்பூர்:

ஐயா, இங்கே மலேசியாவில் காடி என்றாலே கார்தான். காடியூர்தி என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

கொக்குவில்:

அகராதியில் காடிக்குப் புளித்த கஞ்சி என்றும் பொருள் இருக்கிறது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். பாடப்புத்தகத்தில் கப்பியின் பள்ளத்துக்குத் 'தவாளிப்பு' என்று படிக்கிறார்களே, தவாளிப்புக் கார் என்றால் என்ன?

திருநெல்வேலி:

தவாளிப்பு நல்ல சொல். அதற்குப் பக்கத்தில் காரை ஒட்டியதுதான் பிழை.

மானிப்பாய்:

இந்தச் சண்டை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கிறீன் வைத்தியர் அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்து, 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கே மாறினார். எலும்பு, நரம்பு, மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் சொல் தேடி நூல்களைத் தமிழாக்கியவர் அவர். ஊரில் வழங்கும் சொல்லா, வடசொல்லா, ஆங்கிலத்தை அப்படியே எழுதுவதா என்று நாங்கள் இன்றைக்குக் கேட்கிற கேள்வி எல்லாம் அவர் மேசையிலும் இருந்திருக்கும். பிறகு அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகள் போட்டபோதும் இதே கதைதான். அந்தத் தொகுதிகளில் இருந்துதான் எங்கள் பாடப்புத்தகத்து நேரோட்டமும் ஆடலோட்டமும் வந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஆடலோட்டம் என்றால் நாட்டியம் என்று தோன்றும். எங்கள் பிள்ளை அதிலேயே பரீட்சை எழுதுகிறது. பழகினால் எந்தச் சொல்லும் நிற்கும்.

ரொறன்ரோ, இயந்திரப் பொறியாளர்:

அண்ணை, கிறீன் வைத்தியர் பந்தயக் கார் பொருத்தவில்லை.

பெயரை விடுவோம். பிரெட் பிரான்சிஸ் என்பவர் இங்கிலாந்தின் ஹறோகேற் பொம்மைச் சந்தையில் ஸ்கேலெக்ஸ்ரிக் என்ற ஸ்லொட் கார் விளையாட்டைக் காட்டியதும் 1957இல்தான், மாஸ்ரரின் கார் வென்ற அதே ஆண்டு. அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு. ஸ்லொட் கார் என்றே தலைப்பில் போடுங்கள். உறுப்புகளுக்கும் செய்கிற வேலைக்கும் தமிழ் வேண்டும், அதுதான் பிள்ளைக்கு உதவும். மாஸ்ரர், இதுவரை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சாமானைப் பார்க்காமல் பெயர் வைக்க ஏலாது.

கோண்டாவில்:

சரி. பித்தளைச் சட்டம், அதில் மோட்டர். மோட்டர் தண்டில் 9 பல்லுள்ள சின்னப் பற்சில்லு, பின் அச்சில் 27 பல்லுள்ளது. மோட்டர் மூன்று தரம் சுற்றினால் பின்சில்லு ஒரு தரம். இதைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

கஷ்டம் கொடுத்தது தகடுதான். ஒரு கண்ணாடித் துண்டின் விளிம்பில் காரை வைத்துப் பார்க்கிறோம். தகட்டின் தண்டில் வளையத்தைக் கூடப் போட்டால் தகடு இறங்கி முன்சில்லு இரண்டும் அந்தரத்தில் நிற்கிறது. எடுத்துவிட்டால் பின்னல் பட்டியில் படாமல் மோட்டர் விட்டுவிட்டு ஓடுகிறது. முன்சில்லு மட்டுமட்டாகத் தொட வேண்டும். உடலை இறுக்கி முறுக்கினால் கார் தடத்தில் கடகடக்கும். ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி உடலை ஆடவிட்டதும் சத்தம் அடங்கியது.

நிறம் கடுநீலம், ஸ்கொத்லாந்தின் எக்குரி எக்கோஸ் அணியுடையது. இலக்கம் 3. தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் படம், அதற்கு மேல் வார்னிஷ். கதவு விளிம்புக் கோடுகளில் தண்ணியாகக் கரைத்த கறுப்பை ஓடவிட்டுத் துடைத்ததும் பொம்மை காராகிவிட்டது. ஓட்டுநருக்கு இடுப்புக்குக் கீழே இடமில்லை, மோட்டர் உட்கார்ந்திருக்கிறது. அறுத்தோம். அறுத்த பிள்ளை அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். ரயரைச் சில்லில் ஒட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, உப்புத்தாளில் உரசி வட்டமாக்குகிறோம். அதற்கு என்ன?

கொக்குவில்:

நெளிவெடுத்தல். சைக்கிள் கடையில் சொல்வதுதானே.

ரொறன்ரோ:

அது றிம் நெளிந்தால். இங்கே றிம் நேராக இருக்கிறது, றப்பர்தான் வட்டமில்லை. 'வட்டம் பிடித்தல்' என்றால் போதும்.

கரவெட்டி, விவசாயப் போதனாசிரியர்:

நான் இந்த விளையாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மாஸ்ரர் எழுதியதை வாசித்ததும் கலப்பைதான் நினைவுக்கு வந்தது. முன்னே கொழு என்ற இரும்பு முனை இறங்கும், அது கிழிக்கும் சால் வழியே மிச்சம் எல்லாம் வரும். கைட்டுக்குக் கொழு, ஸ்லொட்டுக்குச் சால். கார் வேண்டாம் என்கிறவர்களுக்குச் சாலோடி.

திருநெல்வேலி:

ஆகா! கொழுவைக் கலப்பையோடு நிறுத்தாதேயும். பாயிரம் ஏன் முதலில் வர வேண்டும் என்று சொல்ல வந்த பழைய உரைகாரர், 'கொழுச் சென்ற வழித் துன்னூசி இனிது செல்லுமாறு போல' என்பார்கள். முதலில் கொழு துளைத்துக்கொண்டு போகும், தைக்கிற ஊசி அதன் பின்னால் சுகமாகப் போகும். தகடு முன்னே, சில்லுகள் பின்னே. இதைவிட என்ன வேண்டும்? காடியூர்தியைக்கூட நான் விட்டுத் தரலாம். யோசிக்கிறேன்.

கொக்குவில்:

ஐயா, கொழு இல்லாத இடத்தில் வழி உண்டாக்கும். இந்தத் தகடு ஏற்கெனவே உள்ள வழியில் ஓடுகிறது. உங்கள் உவமைப்படி பார்த்தால் இது துன்னூசி.

திருநெல்வேலி:

உவமையை அவ்வளவு தூரம் இழுத்தால் எந்த உவமைதான் தாங்கும்?

மானிப்பாய்:

எங்கள் பேச்சில் கொழுவுதல் என்றால் மாட்டுதல், சண்டைக்குப் போதல் இரண்டும்தான். 'கொழுவைக் கொழுவு' என்று பிள்ளைகள் சொல்லப்போகிறார்கள்.

கரவெட்டி:

சொல்லட்டுமே. தகட்டைக் கீற்றில் கொழுவத்தானே வேண்டும்.

ரொறன்ரோ:

எனக்குக் கொழு சரி. 'வழிகாட்டித் தகடு' என்று எழுதினால் ஒவ்வொரு வரியிலும் பாதி இடம் போய்விடும். கார் கீற்றை விட்டுப் பாய்வதற்கு ரயிலுக்குச் சொல்வதையே சொல்லலாம், தடம் புரளுதல். பிரெயிட்டுக்கு மாஸ்ரர் முதல் மடலிலேயே பின்னல் என்று எழுதிவிட்டார், ஒருவரும் கவனிக்கவில்லை.

கொக்குவில்:

சடை?

ரொறன்ரோ:

வேண்டாம்.

கோண்டாவில்:

வியாழன் இரவாகிவிட்டது. தலைப்பில் ஸ்லொட் கார். உள்ளே கொழு, பின்னல், வட்டம் பிடித்தல், தடம் புரளுதல். ஸ்லொட்டுக்குச் சால் என்று போட இருந்தேன். ஒரு பிள்ளை, "சேர், சால் என்றால் என்ன?" என்று கேட்டது. பக்கத்தில் இருந்த நான்கு பேருக்கும் தெரியவில்லை. ஆகவே தவாளிப்பு, பாடப்புத்தகத்தில் உள்ளபடி. கொழுவும் தெரியாதுதான். ஆனால் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியதும் பிடித்துக்கொண்டார்கள்.

கரவெட்டி:

சாலை விட்டுக் கொழுவை மட்டும் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பரவாயில்லை, போடுங்கள்.

திருநெல்வேலி:

கீழே அடிக்குறிப்பாகவாவது 'காடியூர்தி என்றும் கூறுவர்' என்று ஒரு வரி சேரும்.

கொக்குவில்:

யார் கூறுவர், ஐயா?

திருநெல்வேலி:

நான் கூறுவேன்.